பொது

சுங்கை பெலுரு தமிழ்ப்பள்ளி மண்டபம். இரவு எட்டேகால்.
வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு.
நாற்காலி அறுபது. மற்றவர்கள் நின்றார்கள்,
சம்பள நாளில் நிற்பதுபோல் ஒருவர் பின் ஒருவராய்.
பழக்கம்.

குறிப்பெடுக்க என்னைச் சொன்னார்கள்.
நான் தோட்ட ஆபீஸ் கிராணி.
கையெழுத்து நன்றாயிருக்கும்.

ஒரு நிமிடம் மௌனம்.
மின்விசிறி மட்டும் கடகடத்தது.
பிறகு கோக் வா எழுந்தார்.
பதினெட்டு ஏக்கர் செம்பனை, போன வருஷம் நட்ட கன்று,
ஒரே ராத்திரியில் முந்நூற்று நாற்பதைப்
பன்றி குருத்தோடு தின்றது.
துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டால்
நான் போய்ப் பன்றியிடம் கெஞ்சவா?
யாரோ சிரித்தார்கள்.
சிரித்தவரே வாயைப் பொத்திக்கொண்டார்.
சிரிப்பைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

லைசென்ஸ் உள்ளதைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது,
தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்கிறானே, அதற்கு?
என்றார் மரியசூசை.
இன்ஸ்பெக்டர் ரோஸ்லான் மலாயில் பேசியதை
ஹெட்மாஸ்டர் தமிழில் சொன்னார். பாதியாய்க் குறைந்தது.
'சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது' மட்டும்
இரண்டு மொழியிலும் ஒரே நீளம்.

பாக்கியலீலா மைக்கை வாங்கவில்லை.
அவள் மகன் மளிகைக் கடைக்குப் போனது
போனுக்குப் பத்து ரிங்கிட் ரீலோட் போட.
"பன்றிக்கு வேலி போடலாம்" என்றாள்.
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.
வேலிக்கு யார் காசு கொடுப்பது என்று
அடுத்த இருபது நிமிடம் பேசினார்கள்.

கதவோரம் வங்காளதேசத் தொழிலாளர் ஏழு பேர்,
கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு.
செத்த ஐவரில் இருவர் அவர்கள் அறைக்காரர்கள்.
வருகைப் பதிவில் கையெழுத்துக் கேட்டேன்.
பாஸ்போர்ட் மேனேஜரிடம் இருக்கிறது என்றான் ஷஃபிகுல்.
இதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம் என்றேன்.
அவன் நம்பவில்லை.

சுட்டவனைப் பற்றியும் பேசினார்கள்.
கடன் என்றார்கள். குடி என்றார்கள்.
பெண்டாட்டி போனதிலிருந்தே சரியில்லை என்றார்கள்.
பன்றி சுடுவதில் அவனைப்போல் ஆள் கிடையாது என்று
ஒருவர் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.
கடைசித் தோட்டாவைத் தனக்கே வைத்துக்கொண்டவனின்
பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை.

கொளஞ்சிநாதன்.
நான் சொல்லலாம். அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முன், லைசென்ஸ் புதுப்பிக்கத்
தோட்டத்தின் ஆதரவுக் கடிதம் கேட்டு வந்தான்.
மேனேஜர் லீவில்.
பழைய கடிதத்தை எடுத்துத் தேதியை மாற்றினேன்.
'நன்னடத்தை உள்ளவர். நிதானமானவர்.
எனக்கு நன்கு தெரிந்தவர்.'
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்
உள்ளே வருவான் என்பது.
மேனேஜருக்காக என்று போட்டு
அழகாய்க் கையெழுத்திட்டேன்.
மறுவாரம் தொடைக்கறி கொண்டுவந்து கொடுத்தான்,
செய்தித்தாளில் சுற்றி.
மிளகு தூக்கலாய்ப் போட்டுச் சமைத்தோம்.
ருசியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மணி பத்தரை. கடைசி அம்சம்: பொது.
வேறு யாருக்காவது ஏதாவது இருக்கிறதா?
தலைவர் மண்டபம் முழுக்கப் பார்த்தார்.
குறிப்பெடுப்பவளைப் பார்க்கும் வழக்கமில்லை.
பேனா மூடியைக் கழற்றினேன். மாட்டினேன்.

முடிவு: போலீஸ் தலைமையகத்துக்கு மனு அனுப்பப்படும்.
என்ன கேட்டு என்பது பின்னர் முடிவு செய்யப்படும்.
எழுதுவது யார் என்றபோது
நூற்றுப் பன்னிரண்டு முகமும் என் பக்கம் திரும்பின.

'பொது: ஏதுமில்லை' என்று எழுதியிருந்ததை
வீட்டுக்கு வந்து அடித்தேன்.
அடித்த கோடு நேராக இருக்கிறது.
அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.